பழைய ஒலிபெருக்கியும் அதன் உண்மைத் தடங்கலும்



பாடசாலை அதிபர் ஒருவர், அதுவும் கலைப் பட்டதாரி, வானொலியிலே பேச வந்தால் அவர் இலக்கியம் பற்றியோ, வரலாறு பற்றியோ, மாணாக்கரின் ஒழுக்கம் பற்றியோ பேசுவாரென்று எதிர்பார்ப்பது இயல்பு. நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள் வேறு. பழைய ஒலிபெருக்கி ஒன்றை விலைக்கு வாங்குகின்றோம். அதன் பின்புறத்தில் "8 ஓம்" என்று எழுதியிருக்கின்றது. அந்த எண் மெய்தானா என்பதை எங்ஙனம் அறிவது? இதுவே இன்றைய பேச்சின் பொருள். இது வானொலி திருத்துவோருக்குரிய விடயமன்றோ, பாடசாலை அதிபருக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். இந்த வினாவுக்கு விடை தெரியாமையால் நான் ஒரு மாணவனுக்கு அநீதி இழைத்தேன். அதனாலேயே இதனைக் கற்றுக்கொண்டேன். அதனாலேயே இன்று பேசவும் துணிந்தேன்.

2018ஆம் ஆண்டு எமது பாடசாலையின் பரிசளிப்பு விழாவுக்கு நாள் குறித்திருந்தோம். ஆண்டுதோறும் ஒலிபெருக்கிக்கு வாடகையாகக் கொடுக்கும் பணத்தைச் சேர்த்தால் சொந்தமாகவே ஒரு தொகுதி வாங்கிவிடலாமென்று பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தார் கருதினர். விரியலாக்கி, அதாவது பேச்சு வழக்கில் அம்பிளிபயர் என்று நாம் சொல்லும் கருவி, புதிதாக ஒன்று வாங்கப்பட்டது. ஒலிபெருக்கிப் பெட்டிகளையும் புதிதாக வாங்கப் பணம் போதவில்லை. ஆகவே, பழைய இசைக் கருவிகளை வாங்கி விற்பவர் ஒருவரிடமிருந்து இரண்டு பெட்டிகளை வாங்கினோம். ஒவ்வொன்றிலும் 12 அங்குல விட்டமுள்ள பெரிய ஒலிபெருக்கி ஒன்றும், உச்ச ஒலிகளுக்கென ஒரு சிறிய ஒலிபெருக்கியும் இருந்தன. இரண்டு பெட்டிகளின் பின்புறத்திலும் "8 ஓம்" என்ற எழுத்துத் தெளிவாக இருந்தது. விரியலாக்கியிலோ, 4 ஓமுக்குக் குறைந்த சுமையை இணைக்கலாகாது என்ற அறிவுறுத்தல் இருந்தது.

உயர்தர வகுப்பிலே கற்றுக்கொண்டிருந்த ஒரு மாணவன் இந்த வேலைகளிற் கைதேர்ந்தவன். இரண்டு பெட்டிகளையும் சமாந்தரமாக இணைக்கும் பொறுப்பை அவனிடம் ஒப்படைத்தேன். எட்டும் எட்டும் சமாந்தரமாக இணைந்தால் நான்கு; நான்குக்குக் குறையவில்லை; ஆகையால் அச்சமில்லை என்று அவன் கணக்குப் பார்த்தான். அந்தக் கணக்கிலே பிழை எதுவும் இல்லை.

விழா நன்றாகவே தொடங்கியது. பிரதம விருந்தினர் உரையாற்றிக்கொண்டிருந்தபொழுது ஒலி கரகரத்தது. பின் அடியோடு அடங்கிற்று. மேடையின் ஓரத்திலிருந்து கருகல் நாற்றம் எழுந்தது. எஞ்சிய நிகழ்ச்சிகளை ஒலிபெருக்கி இல்லாமலே நடத்தி முடித்தோம். கருவியைத் திறந்து பார்த்தவர், வெளியீட்டுத் திரான்சிற்றர்கள் எரிந்துவிட்டன என்றும், வயர்கள் ஒன்றோடொன்று முட்டியிருக்க வேண்டுமென்றும் சொன்னார். வயரைப் பூட்டியவன் அந்த மாணவன். அவனை அழைத்து எல்லோர் முன்னிலையிலும் கண்டித்தேன். "நான் சரியாகத்தான் பூட்டினேன், சேர்" என்று அவன் ஒரு முறை சொன்னான். அதன் பின் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் அவனுடைய தகப்பனார் பாடசாலைக்கு வந்தார். அவர் கடற்றொழில் செய்பவர். திருத்தும் செலவில் தம்மால் இயன்றதைத் தவணை முறையிற் செலுத்துவதாகச் சொன்னார். அந்தப் பணத்தை நான் ஏற்கவில்லை. ஆயினும், உங்கள் மகனிடத்துத் தவறில்லை என்றும் அவருக்கு நான் சொல்லவில்லை.

அடுத்த கிழமை எமது பௌதிகவியல் ஆசிரியை என்னிடம் வந்தார். "சேர், அந்தப் பெட்டிகள் உண்மையிலே 8 ஓம்தானா என்று நாங்கள் ஒருவரும் அளந்து பார்க்கவில்லையே" என்றார். "அதுதான் எழுதியிருக்கின்றதே" என்றேன். "எழுதியவர் எப்பொழுது அளந்தார் என்று எழுதவில்லையே" என்று அவர் மறுமொழி சொன்னார். அன்று பாடசாலை முடிந்தபின் பெட்டிகளை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுசென்றோம். அந்த மாணவனையும் ஆசிரியை அழைத்திருந்தார். அங்கே நான் ஒரு மாணாக்கனாகவே அமர்ந்திருந்தேன். அன்று கற்றதை இனி உங்களுக்குச் சொல்லுகின்றேன்.

முதலில், ஒலிபெருக்கி என்பது யாது? வட்டவடிவமான காந்தம் ஒன்றின் ஒடுங்கிய இடைவெளியிலே மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று தொங்கிக்கொண்டிருக்கின்றது. அந்தச் சுருள் கடதாசிக் கூம்பு ஒன்றுடன் ஒட்டப்பட்டிருக்கின்றது. விரியலாக்கியிலிருந்து வரும் மின்னோட்டம் சுருளிலே முன்னும் பின்னுமாக மாறி மாறி ஓட, சுருளும் முன்னும் பின்னும் அசைகின்றது. கூம்பு காற்றை அசைக்கின்றது. நாம் ஒலியைக் கேட்கின்றோம். இந்த இயங்கு சுருள் ஒலிபெருக்கியை இன்றைய உருவுக்குக் கொண்டுவந்தவர்கள் அமெரிக்கப் பொறியியலாளரான செஸ்ரர் றைசும் எட்வேட் கெலொக்கும் ஆவர். அவர்கள் தமது ஆய்வை வெளியிட்டது 1925ஆம் ஆண்டில். கொழும்பிலிருந்து வானொலி ஒலிபரப்பு முறைப்படி ஆரம்பமானதும் அதே 1925ஆம் ஆண்டு மார்கழி மாதத்திலேயே என்பது இந்த வானொலியின் நேயர்களுக்கு உவப்பான செய்தியாக இருக்கும்.

இனி, ஓம் என்பது யாது? மின்னோட்டத்தைக் கடத்தியானது எவ்வளவு தடுக்கின்றது என்பதற்குரிய அளவு ஓம். ஜேர்மனியைச் சேர்ந்த கியோக் சைமன் ஓம் என்பாரின் பெயரே இந்த அலகுக்கு இடப்பட்டது. அவர் ஒரு பாடசாலை ஆசிரியர். கொலோன் நகரத்திலே கணிதமும் பௌதிகமும் கற்பித்துக்கொண்டே ஆய்வுகளைச் செய்தார். வோல்ற்றளவுக்கும் ஓட்டத்துக்கும் உள்ள தொடர்பை விளக்கும் அவரது நூல் 1827ஆம் ஆண்டு வெளிவந்தபொழுது அவருடைய நாட்டிலேயே அது மதிக்கப்படவில்லை. 1841ஆம் ஆண்டு இலண்டன் அரச கழகம் கொப்லி விருதளித்துச் சிறப்பித்தது. வோல்ற்றளவை ஓட்டத்தாற் பிரித்தால் வருவது தடை. 12 வோல்ற்று மின்கலத்திலிருந்து 3 அம்பியர் ஓடினால், தடை 4 ஓம். இவ்வளவையும் நாம் எல்லோரும் பாடசாலையிலே கற்றிருக்கின்றோம்.

ஆயின், ஒலிபெருக்கியின் பின்புறத்தில் எழுதியிருக்கும் எண் தடையன்று. அது தடங்கல். தமிழிலே இந்த இரண்டு சொற்களும் உடன்பிறந்தவை போல் இருப்பதால் நான் நெடுங்காலம் அவற்றை ஒன்றெனவே எண்ணியிருந்தேன். பௌதிகவியலிலே அவை வேறு வேறு. தடை என்பது ஒரே திசையில் ஓடும் நேரோட்டத்துக்கு உண்டாகும் தடுப்பு. தடங்கல் என்பது திசை மாறி மாறி ஓடும் ஆடலோட்டத்துக்கு உண்டாகும் முழுத் தடுப்பு. ஆங்கிலத்தில் தடங்கலுக்குரிய சொல்லை 1886ஆம் ஆண்டு ஆக்கித் தந்தவர் ஒலிவர் ஹெவிசைட். அவர் 16 வயதிலே பாடசாலையை விட்டு, தந்தித் தொழிலில் அமர்ந்து, தாமே கற்றுப் பேரறிஞரானவர்.

ஆடலோட்டத்துக்கு மட்டும் மேலதிகமான தடுப்பு எங்கிருந்து வருகின்றது? இரண்டு இடங்களிலிருந்து வருகின்றது. துவிச்சக்கர வண்டியின் தைனமோவை எண்ணிப் பாருங்கள். காந்தப்புலத்துக்கும் கம்பிச் சுருளுக்கும் இடையே அசைவு உண்டானால் மின் பிறக்கின்றது. ஒலிபெருக்கியின் சுருளும் காந்தத்தின் நடுவே அசைகின்றது; ஆதலின் அதுவும் ஒரு சிறு தைனமோ. அது பிறப்பிக்கும் மின், வருகின்ற மின்னை எதிர்த்து நிற்கின்றது. கூம்புக்கு இயல்பான அதிர்வு ஒன்று உண்டு. ஊஞ்சலை அதன் இயல்பான வேகத்திலே தள்ளினால் சிறிய தள்ளலுக்கும் பெரிதாக ஆடுமன்றோ? அதுபோல, இயல்பான அந்த அதிர்விலே கூம்பு மிகுதியாக அசைகின்றது. இதனைப் பரிவு என்பர். அங்கே எதிர்மின்னும் மிகுதி. தடங்கலும் மிக உயர்ந்துவிடுகின்றது. இஃது ஒன்று. மற்றையது சுருளின் தூண்டல். செக்கனுக்கு நிகழும் அதிர்வின் தொகை, அதாவது மீடிறன், ஏற ஏறத் தூண்டலால் வரும் தடுப்பும் ஏறிக்கொண்டே போகும். ஆகவே, ஒலிபெருக்கியின் தடங்கல் ஒரே எண்ணன்று. தாழ்ந்த மீடிறனிலே ஒரு மலை. அதன்பின் ஒரு பள்ளத்தாக்கு. அப்பால் மெல்ல மெல்ல ஏறும் சரிவு. இதுவே அதன் உருவம்.

அங்ஙனமாயின் "8 ஓம்" என்பதன் பொருள் என்ன? அது பெயரளவுத் தடங்கல். சருவதேச மின்தொழினுட்ப ஆணைக்குழுவின் நியமத்தின்படி, ஒலிபெருக்கியின் தொழிற்பாட்டு எல்லைக்குள் எந்த இடத்திலும் தடங்கல் அந்தப் பெயரளவு எண்ணின் நூற்றுக்கு 80 பங்குக்குக் குறையலாகாது. எனவே, 8 ஓம் என்று சொல்லப்படும் ஒலிபெருக்கி பள்ளத்தாக்கின் அடியிலும் 6.4 ஓமுக்குக் கீழே இறங்குதல் கூடாது. 4 ஓம் எனப்படுவது 3.2க்குக் கீழே இறங்குதல் கூடாது. விரியலாக்கிக்குக் கேடு வருவது இந்தப் பள்ளத்தாக்கிலேயே ஆதலால், நாம் தேட வேண்டியதும் அதனையே.

பழைய ஒலிபெருக்கியிலே எழுதிய எண்ணும் உண்மையும் மாறுபடுவதற்குப் பல காரணங்கள் உண்டு. சுருள் எரிந்துபோன ஒலிபெருக்கிக்குப் புதுச் சுருள் இடுவது நம் நாட்டிலே வழக்கம். கையில் அகப்பட்ட சுருளை இட்டுவிட்டால் பழைய எண் பொய்யாகிவிடும். எழுத்து மட்டும் அழியாமல் நிற்கும். பெட்டிக்குள்ளே இருந்த ஒலிபெருக்கியை எடுத்து வேறொன்றைப் பூட்டியிருக்கலாம். ஒரே பெட்டிக்குள் இரண்டு ஒலிபெருக்கிகளைச் சமாந்தரமாக இணைத்திருக்கலாம். மிகப் பழைய பிரித்தானிய ஒலிபெருக்கிகளிலே 15 ஓம், 3 ஓம் என்ற எண்கள் வழக்கிலிருந்தன. இன்றைய வழக்கிலுள்ள 16, 8, 4 என்பவற்றை மட்டும் அறிந்த ஒருவர் அவற்றைக் கண்டு தாமே ஓர் எண்ணை எழுதிவைத்திருக்கவும் கூடும்.

உண்மையை அறியும் முதற்படி மிக எளியது. அதற்கு வேண்டியது பல்மானி ஒன்றே. ஒலிபெருக்கியை விரியலாக்கியிலிருந்து முற்றாகக் கழற்றிவிடுங்கள். பல்மானியின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொடுத்து, அது காட்டும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அது வெறும் வயரின் தடை. பின்னர் அதனைக் கழித்துவிட வேண்டும். 3 ஓம், 4 ஓம் என்ற சிறிய அளவுகளிலே இந்தக் கழித்தலை மறந்தால் விடை பெரிதும் பிழைத்துவிடும். இனி ஒலிபெருக்கியின் இரண்டு முனைகளிலும் வைத்து அளவுங்கள். கூம்பைக் கையினாலே தொடாதீர்கள். அளக்கும் வேளையிலே அருகில் உரத்தும் பேசாதீர்கள். கூம்பு அசைந்தால் முன்பு சொன்ன தைனமோ வேலை செய்யத் தொடங்கி, பல்மானி தடுமாறும்.

இங்ஙனம் கிடைப்பது தடை, தடங்கலன்று. ஆயினும் தடையிலிருந்து தடங்கலை ஓரளவு ஊகிக்கலாம். 4 ஓம் ஒலிபெருக்கியின் தடை பெரும்பாலும் 3 தொடக்கம் 3.6 வரை இருக்கும். 8 ஓமுக்கு 5.5 தொடக்கம் 7 வரை. 16 ஓமுக்கு 10.5 தொடக்கம் 13 வரை. தனி ஒலிபெருக்கி ஒன்றின் தடங்கல் அதன் தடைக்குக் கீழே ஒருபொழுதும் இறங்காது. ஆனால் தடை தாழ்ந்திருக்கும்பொழுது தடங்கலின் பள்ளத்தாக்கு மட்டும் மிக உயர்ந்திருக்கவும் மாட்டாது.

எமது பெட்டிகளை அளந்தோம். முதலாவது 3.7 ஓம் காட்டிற்று. வயருக்குரிய 0.4ஐக் கழிக்க 3.3 ஓம். இரண்டாவதிலும் கழித்தபின் 3.4 ஓம். ஆசிரியை ஒன்றும் சொல்லவில்லை. அந்த மாணவன் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கோ நெஞ்சு திடுக்கிட்டது. ஆயினும், இஃது ஊகமே, இன்னும் தீர்ப்பன்று, இரண்டாம்படியையும் செய்து பார்ப்போம் என்று ஆசிரியை சொன்னார்.

இரண்டாம்படி ஆடலோட்டத்தைச் செலுத்தி அளப்பது. இதற்கு மூன்று பொருள்கள் வேண்டும். விரும்பிய மீடிறனிலே ஆடலோட்டத்தைத் தரும் சைகைப் பிறப்பாக்கி ஒன்று. அளவு தெரிந்த தடை ஒன்று. நாம் 10 ஓம் தடையை எடுத்தோம். ஆடல் வோல்ற்றளவைக் காட்டும் பல்மானி ஒன்று. சைகைப் பிறப்பாக்கி இல்லாதவர்கள், கைத்தொலைபேசியிலே ஒரே சீரான ஒலியை எழுப்பும் செயலி ஒன்றினைக் கொண்டு, சிறிய விரியலாக்கி ஒன்றின் வழியாக மிகத் தாழ்ந்த ஒலியிலே அதனைச் செய்யலாம்.

தடையையும் ஒலிபெருக்கியையும் தொடராக இணையுங்கள். அதாவது, மின் முதலில் தடையின் வழியாகவும் பின் ஒலிபெருக்கியின் வழியாகவும் ஓட வேண்டும். இரண்டிலும் ஓடுவது ஒரே ஓட்டம். ஆகவே, எதன் முனைகளிடையே வோல்ற்றளவு கூடுதலோ அதன் தடுப்பே கூடுதல். தடையின் முனைகளிலே வோல்ற்றளவை அளவுங்கள். பின் ஒலிபெருக்கியின் முனைகளிலே அளவுங்கள். ஒலிபெருக்கியின் வோல்ற்றளவைத் தடையின் வோல்ற்றளவாற் பிரித்து 10ஆற் பெருக்கினால் வருவதே அந்த மீடிறனிலே ஒலிபெருக்கியின் தடங்கல். இவ்வளவே கணக்கு.

இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. மொத்த வோல்ற்றளவை அளந்து, அதிலிருந்து தடைக்குரியதைக் கழித்தால் ஒலிபெருக்கிக்குரியது வந்துவிடுமே என்று நினைக்கலாம். நேரோட்டத்திலே அது சரி. ஆடலோட்டத்திலே சரியன்று. ஏனெனில், ஒலிபெருக்கியில் வோல்ற்றளவும் ஓட்டமும் ஒரே கணத்திலே உச்சம் அடைவதில்லை. ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். ஆகவே இரண்டையும் தனித்தனியே அளந்தே ஆகவேண்டும்.

அளவுகோலையும் ஒரு முறை அளந்து பார்த்தல் வேண்டும். ஒலிபெருக்கியின் இடத்திலே முதலில் 4.7 ஓம் தடை ஒன்றை இட்டு, கணக்கிலே 4.7 வருகின்றதா என்று பார்த்துக்கொண்டோம். விலை குறைந்த பல்மானிகள் பல, செக்கனுக்கு 50 தொடக்கம் 400 வரையான அதிர்வுகளிலேதான் ஆடல் வோல்ற்றளவைச் சரியாகக் காட்டும். நல்லவேளையாக, நாம் தேடும் பள்ளத்தாக்கும் பெரும்பாலான பெரிய ஒலிபெருக்கிகளிலே 200க்கும் 400க்கும் இடையிலேயே அமைந்திருக்கின்றது.

பெரிய ஒலிபெருக்கியைப் பெட்டியிலிருந்து கழற்றி மேசைமேல் வைத்தோம். மாணவன் மீடிறனை மெல்ல மெல்ல ஏற்ற, ஆசிரியை அளவைச் சொல்ல, நான் கரும்பலகையிலே எழுதினேன். 55 ஹேட்சிலே கூம்பு கண்ணுக்குத் தெரியும்படி அசைந்தது. அங்கே தடங்கல் 26 ஓம் வரை உயர்ந்தது. அதுவே பரிவு. பின்னர் விரைந்து இறங்கிற்று. 250 ஹேட்சிலே தடையின் முனைகளில் 200 மில்லிவோல்ற்று. ஒலிபெருக்கியின் முனைகளில் 78 மில்லிவோல்ற்று. 78ஐ 200ஆற் பிரித்து 10ஆற் பெருக்க 3.9 ஓம். அதற்கப்பால் மீண்டும் ஏறத் தொடங்கிற்று. 3.9 என்பதே பள்ளத்தாக்கின் அடி. 8 ஓம் ஒலிபெருக்கியாயின் 6.4க்குக் கீழே வரலாகாது என்று முன்பு சொன்னேன். ஆகவே அது 8 ஓம் ஒலிபெருக்கியன்று. 4 ஓம் ஒலிபெருக்கி. மற்றையதும் அவ்வாறே. இரண்டிலும் பழைய சுருளை நீக்கி வேறு சுருள் இட்டதற்கான அடையாளங்கள் கூம்பின் விளிம்பிலே தெரிந்தன. வேண்டுமென்று யாரேனும் ஏமாற்றினார்களென்று நான் சொல்லமாட்டேன். விற்றவரும் என்னைப்போலவே எழுத்தை நம்பியிருக்கலாம்.

இனி, விழாவன்று நடந்தது தெளிவாயிற்று. நான்கும் நான்கும் சமாந்தரமாக இணைந்தால் இரண்டு. 4 ஓமுக்குக் குறையாத சுமையைக் கேட்ட கருவிக்கு 2 ஓம் சுமையைக் கொடுத்திருந்தோம். விரியலாக்கி 16 வோல்ற்றைத் தரும் வேளையிலே, 4 ஓமுக்குள் ஓடுவது 4 அம்பியர். 2 ஓமுக்குள் ஓடுவது 8 அம்பியர். வெளியீட்டுத் திரான்சிற்றர்கள் தாம் தாங்கக்கூடியதைப் போல் இரு மடங்கு ஓட்டத்தைச் சுமந்தன. சிறிது நேரம் தாங்கின, பின்பு எரிந்தன. வயர்கள் முட்டவில்லை. மாணவன் பூட்டியதும் சரி. அவன் போட்ட கணக்கும் சரி. நாம் அவனுக்குக் கொடுத்த எண்ணே பிழை.

தடையை மட்டும் அளந்து தடங்கலைத் தீர்மானிப்பதும் ஆபத்தானது என்பதற்கு இன்னோர் உதாரணம் சொல்லுகின்றேன். கோயில்களிலும் சனசமூக நிலையங்களிலும் கட்டப்படும் குழல் ஒலிபெருக்கிகளை நீங்கள் அறிவீர்கள். அவற்றுட் பலவற்றிலே நிலைமாற்றி ஒன்று உள்ளே பொருத்தப்பட்டிருக்கும். நெடுந்தூரம் வயர் இழுக்க வேண்டியிருப்பதால், 100 வோல்ற்று முறையிலே அவற்றை இயக்குவர். பல்மானி வைத்தால் பத்துக்கணக்கான ஓமே காட்டும். ஏனெனில் அது நிலைமாற்றியின் கம்பியை மட்டுமே அளக்கின்றது. உண்மைத் தடங்கலோ மிக மிகப் பெரிது. 100ஐ 100ஆற் பெருக்கி, எழுதியிருக்கும் வாற்று எண்ணாற் பிரித்தால் அது வரும். 15 வாற்றுக் குழலுக்கு ஏறத்தாழ 667 ஓம். 10 வாற்றுக் குழலுக்கு 1000 ஓம். இதனையும் முன்பு சொன்ன முறையாலேயே அளக்கலாம். ஆனால் 10 ஓம் தடைக்குப் பதிலாக 1000 ஓம் தடையை இட்டு, 1000 ஹேட்ஸ் அளவிலே பார்க்க வேண்டும். அந்த மீடிறனுக்கு ஏற்ற பல்மானியும் வேண்டும். அதுபோலவே, பெட்டிக்குள் இருக்கும் சிறிய ஒலிபெருக்கியின் முன்னே கொள்ளளவி ஒன்று இருந்தால், நேரோட்டம் அதனைக் கடக்காது. ஆதலின் அந்தச் சிறிய ஒலிபெருக்கி பல்மானிக்குத் தெரியவே மாட்டாது. விரியலாக்கிக்கோ அது நன்றாகத் தெரியும். எனவே, பெரிய ஒலிபெருக்கியைத் தனியே அளந்தாலும், ஈற்றிலே பெட்டி முழுவதையும் ஒரு முறை அளந்துகொள்ளுதல் நன்று.

பழைய வால்வு விரியலாக்கி வைத்திருப்போருக்கும் ஒரு சொல். திரான்சிற்றர் கருவிக்குத் தடங்கல் குறைவதே பெரும்பகை. வெளியீட்டு நிலைமாற்றியுள்ள வால்வுக் கருவிக்கோ ஒலிபெருக்கி இணைக்கப்படாதிருப்பதும் பகை. சுமையின்றி அதனை உரத்து இயக்கினால் உள்ளே வோல்ற்றளவு கட்டுமீறி உயர்ந்து, நிலைமாற்றி கெட்டுவிடக்கூடும். அதிலே 15 அல்லது 16 ஓம், 8 ஓம், 4 ஓம் என்று தனித்தனி வாயில்கள் இருந்தால், அளந்து கண்ட ஒலிபெருக்கிக்குப் பொருந்தும் வாயிலிலேயே இணைக்க வேண்டும்.

எமது பெட்டிகளை நாங்கள் எறிந்துவிடவில்லை. அவை பொய்யான பெயரைத் தாங்கியிருந்தனவே ஒழிய, கெட்ட ஒலிபெருக்கிகள் அல்ல. விரியலாக்கியைத் திருத்துவித்து, இரண்டு பெட்டிகளையும் தொடராக இணைத்தோம். நான்கும் நான்கும் தொடராக இணைந்தால் எட்டு. ஒலி சற்றுக் குறைந்தது. ஆயினும் எமது மண்டபத்துக்கு அது போதும். பின்புறத்தில் இருந்த பழைய எழுத்தை அழித்துவிட்டு, "4 ஓம், தடை 3.3; அளந்த நாள்" என்று திகதியோடு எழுதச் சொன்னேன். எழுதியவன் அந்த மாணவனே. அளந்தவர் பெயர் என்ற இடத்திலே அவனுடைய பெயரையே எழுதச் செய்தேன்.

அடுத்த திங்கட்கிழமை காலைக் கூட்டத்திலே, எல்லா மாணாக்கரும் ஆசிரியரும் கேட்டிருக்க, அன்று நான் அவனைக் கண்டித்தது தவறு என்று சொன்னேன். கண்டித்தது எல்லோர் முன்னிலையிலும் ஆதலால், திருத்தமும் எல்லோர் முன்னிலையிலேயே நிகழ வேண்டியிருந்தது. அன்று மாலை அவனுடைய வீட்டுக்குச் சென்றேன். தகப்பனார் வலையைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். அவரிடமும் சொன்னேன். "அவன் அண்டைக்கே சொன்னவன், ஐயா" என்று மட்டும் சொல்லி, எனக்கு இருக்கை எடுத்துப் போட்டார். அந்த மறுமொழி இன்றும் என் காதிலே நிற்கின்றது. ஆம், அவன் அன்றைக்கே சொன்னான். பெட்டியின் பின்புறத்தில் யாரோ எழுதிய எண்ணை நான் நம்பினேன்; கண்முன்னே நின்று சொன்னவனை நம்பவில்லை.

நேயர்களே, பழைய ஒலிபெருக்கி வாங்குவோருக்கு நான் சொல்ல வேண்டியவை மூன்றே. எழுதிய எண்ணை ஒரு சாட்சியாக மட்டும் கொள்ளுங்கள், தீர்ப்பாகக் கொள்ளாதீர்கள். அமைதியாக இருக்கும்பொழுது தடையை அளவுங்கள். அஃது ஐயத்தை எழுப்பும். தொழில் செய்யும்பொழுது தடங்கலை அளவுங்கள். அஃது ஐயத்தைத் தீர்க்கும். பல்மானி ஒன்றும், சில ரூபா விலையுள்ள தடை ஒன்றும், அரைமணி நேரமும் இருந்தாற் போதும். அந்த அரைமணி நேரத்தை விழாவுக்கு முதல்நாள் செலவழித்திருந்தால் எமது கருவி எரிந்திராது. கருவியையேனும் திருத்திவிடலாம், அந்த ஒரு கிழமை முழுவதும் தகப்பனுக்கும் மகனுக்கும் இருந்த தலைகுனிவை நான் எதைக் கொண்டு திருத்துவது?